பழைய சாமான்களுக்குள் கிடைத்த வில் கடைசற்கருவி

யாழ்ப்பாண நகரத்தில் பழைய இரும்புச் சாமான்களைச் சாக்கு விரித்துப் பரப்பி விற்கும் ஒருவரிடம் வாங்கிய சிறு கருவி ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விவரிப்பின்படி அது ஏறக்குறைய 6 அங்குல நீளமுள்ள ஒரு சதுர உருக்குச் சட்டம். அதன்மேல் பித்தளையால் ஆன இரண்டு தலைகள் உள்ளன. ஒன்று சட்டத்தோடு அசையாமல் நிற்க, மற்றது திருகாணியைத் தளர்த்தினால் முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டு தலைகளையும் ஊடுருவி ஒரே நேர்கோட்டில் துளை செல்கிறது. ஒரு துளையில் மட்டும் கூரான முனையுடைய சிறு கம்பி எஞ்சியிருக்கிறது. நடுவில், ஆங்கில ‘ரீ’ (T) எழுத்தின் வடிவில், ஏற்றவும் இறக்கவும் கூடிய ஒரு தாங்கி. விற்றவர் அதைத் தட்டாரின் சாமான் என்றாராம். லேத் பட்டறை வைத்திருக்கும் உங்கள் மாமாவோ, மோட்டார் பூட்ட இடமில்லை, கையால் சுற்றச் சில்லும் இல்லை, யாரோ பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்த விளையாட்டு லேத் இது என்று சிரித்திருக்கிறார். இது என்ன, எப்படித் துப்புரவாக்குவது, இதைக் கொண்டு இன்றைக்கும் ஏதேனும் செய்யலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

இது விளையாட்டுச் சாமான் அன்று. தட்டாரின் கருவியும் அன்று. மணிக்கூடு செய்தவர்களும் திருத்தியவர்களும் மெல்லிய அச்சுகளைக் கடைவதற்குப் பயன்படுத்திய வில் கடைசற்கருவி. ஆங்கிலேய மணிக்கூட்டுக் கலைஞர்கள் இதை ‘டேர்ன்ஸ்’ என்றார்கள். சட்டத்தின் ஒரு முனை தட்டையாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தட்டைப் பகுதியை மேசை வைஸில் இறுக்கிவிட்டால் கருவி வேலைக்கு ஆயத்தம். மோட்டாருக்கும் சில்லுக்கும் இடமில்லாதது குறைபாடல்ல, அதன் அமைப்பே அப்படித்தான். ஆனால் உங்கள் கையில் இருப்பது பாதிக் கருவி மட்டுமே என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றப் பாதி, அதாவது முனைக்கம்பிகளும் சிறு கப்பிகளும் வில்லும், பெரும்பாலும் அதே வியாபாரியின் சாக்கிலோ தகரப் பெட்டியிலோ ஆணிகளோடும் வானொலி உதிரிப்பாகங்களோடும் கலந்து கிடக்கக்கூடும். அவை தனித்துப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத பித்தளைத் துண்டுகளாகவே தெரியும். கிலோக் கணக்கில் நிறுத்துப் போவதற்கு முன் நீங்கள் மறுபடி ஒருமுறை அங்கே போவது நல்லது. எவற்றைத் தேட வேண்டும் என்பதைக் கருவி இயங்கும் முறையைச் சொன்ன பிறகு விளக்குகிறேன். இல்லாவிட்டால் கண்ணில் பட்டாலும் கை போகாது.

உங்கள் மாமாவின் லேத்தில் வேலைத்துண்டை ஒரு சக் பிடித்துக்கொள்கிறது. சக் ஒரு தண்டில் இருக்கிறது. தண்டு தாங்கிகளுக்குள் சுழல்கிறது. இந்தச் சிறு கருவியில் சுழலும் உறுப்பு எதுவுமே இல்லை. இரண்டு தலைகளிலும் செருகிய முனைக்கம்பிகள் திருகாணியால் இறுக்கப்பட்டு அசையாமல் நிற்கின்றன. கடையவேண்டிய அச்சின் இரு அந்தங்களும் அவற்றுக்கிடையில் பொருந்துகின்றன. அச்சு மட்டுமே சுழல்கிறது. சுழற்றுவதற்கு அச்சின் ஒரு பக்கத்தில் சிறு பித்தளைக் கப்பி ஒன்றை மாட்டி, வில்லின் நாணை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, இடக்கையால் வில்லை மேலும் கீழுமாக இழுப்பார்கள். மோர் கடையும் மத்தைக் கயிற்றால் இழுப்பதைப் போல அச்சு ஒரு முறை இப்படியும் மறுமுறை அப்படியும் சுழலும். வில் கீழிறங்கும்போது அச்சின் முன்பக்கம் உளியை நோக்கி இறங்கும். அப்போது உளி வெட்டும். வில் மேலேறும்போது சுழற்சி எதிர்த்திசையாகும். அப்போது உளியை மயிரிழை அளவு பின்வாங்கிக்கொள்ள வேண்டும். எனவே உழைப்பில் பாதி நேரம் வெட்டு நடப்பதில்லை. இன்றைய கணக்கில் இது வீண்போலத் தோன்றலாம். ஆனால் வேகம் முழுவதும் இடக்கையில் இருப்பதால், அச்சின் அந்தத்தில் மெலிந்துகொண்டு போகும் முளை ஒன்று உடையப் போகிறதா என்பதை நாண் வழியாகவே விரல் உணரும். மோட்டார் அதைச் சொல்லாது.

இதன் சிறப்பு முழுவதும் அசையாத அந்த இரு முனைகளில்தான் இருக்கிறது. சக்கில் பிடித்த துண்டின் துல்லியம் தண்டின் தேய்மானத்தையும், தாங்கியின் தளர்வையும், சக்கின் பிடியையும் பொறுத்தது. ஒரு பக்கத்தைக் கடைந்துவிட்டு மறுபக்கத்தைக் கடையத் திருப்பிப் பிடித்தால், பழைய மையமும் புதிய மையமும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை. நூறில் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் மணிக்கூட்டு அச்சுக்கு அது பெரிய பிழை. இங்கோ அச்சு தன் இரு முனைகளையே மையமாகக் கொண்டு சுழல்கிறது. எத்தனை தடவை கழற்றி, எத்தனை தடவை பக்கம் மாற்றிப் பூட்டினாலும் மையக்கோடு மாறாது. தேய்ந்துபோகத் தண்டும் இல்லை, தாங்கியும் இல்லை. மிக நுண்ணிய வட்டத்தன்மை வேண்டும் இடங்களில், இன்றைய தொழிற்சாலைகளின் உருளை அரைவை இயந்திரங்களும் வேலைத்துண்டை அசையாத இரு முனைகளுக்கிடையில் வைத்தே அரைக்கின்றன. இதை உங்கள் மாமாவிடம் சொன்னீர்களானால் அவர் சிரிப்பை நிறுத்தி அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். லேத் வேலை தெரிந்தவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்குத் தேவைப்பட்டது என்பதைப் பலன்ஸ் அச்சை வைத்துச் சொல்லலாம். சாவி கொடுக்கும் மணிக்கூட்டின் பின்மூடியைத் திறந்தால், இடமும் வலமுமாக ஊசலாடும் சில்லு ஒன்று தெரியும். அதுதான் பலன்ஸ் சில்லு. பழைய கைமணிக்கூடுகளில் அது பெரும்பாலும் மணித்தியாலத்துக்கு 18,000 அடிப்புகள் அடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000. அந்தச் சில்லைத் தாங்கும் அச்சின் நீளம் சில மில்லிமீற்றர்தான். அதன் இரு அந்தங்களிலும் உள்ள முளைகள், கைமணிக்கூட்டில், 0.1 மில்லிமீற்றரை ஒட்டிய தடிப்புடையவை. தலைமயிரைவிடச் சற்றே பருமன். அவை சிவப்புக் கற்களின் துளைகளுக்குள் சுழல்கின்றன. மணிக்கூடு சீமெந்துத் தரையில் விழுந்தால் முதலில் முறிவது இந்த முளைதான். அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பொன்றைப் பாரிஸ் மணிக்கூட்டுக் கலைஞர் பிரெகே 1790 அளவிலேயே செய்துபார்த்தார். ஆயினும் 1930களில் வந்த இன்காபிளொக் போன்ற அதிர்ச்சிதாங்கி அமைப்புகள் பரவிய பிறகுதான் சாதாரண மணிக்கூடுகளுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைத்தது. அதற்கு முற்பட்ட மணிக்கூடு ஒன்று திருத்த வந்தால், பெரும்பாலும் பலன்ஸ் அச்சு முறிந்தே வந்திருக்கும். அதே வகைக்கு உரிய உதிரி அச்சு கையிருப்பில் இருந்தால் பூட்டிவிடலாம். இல்லையென்றால் ஒரு துண்டு உருக்கிலிருந்து புதிதாகக் கடைந்தே ஆகவேண்டும். உங்கள் கருவி அதற்குத்தான்.

இதே குடும்பத்தில் வேறு சில கருவிகளும் உண்டு; தோற்றத்தில் குழப்பக்கூடியவை. முளைகளுக்கு இறுதி மெருகு கொடுக்கும் ஜாக்கோ கருவியும் ஏறத்தாழ இந்த வடிவிலேயே இருக்கும். ஆனால் அதன் ஒரு பக்கத்தில் வெவ்வேறு அளவுப் பள்ளங்கள் வெட்டிய உருளையொன்று இருக்கும், பள்ளங்களுக்கு அருகே சிறு எண்களும் பொறித்திருக்கும். உங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை. இரு பற்சில்லுகள் எவ்வளவு இடைவெளியில் ஒன்றையொன்று சரியாகப் பற்றும் என்று அளக்கும் கருவியில் முனைகள் இரண்டு சோடி இருக்கும். நடுவில் பிணைச்சல் போல மடியும். தட்டாரின் கருவி என்று விற்றவர் சொன்னதற்கு, அந்தப் பெட்டியில் கம்பி இழுக்கும் தட்டோ குமிழ் அடிக்கும் கட்டையோ சேர்ந்து கிடந்தது காரணமாயிருக்கலாம். பொன் வேலையில் உலோகம் அடித்தும் இழுத்தும் ஊதிப் பற்றவைத்தும் உருவாகிறது. இரு முனைகளுக்கிடையில் நிறுத்தி மெல்லிய உருக்கு அச்சுக் கடையும் தேவை தட்டாருக்கு வருவதில்லை.

இதன் வயது பற்றிச் சில வார்த்தைகள். வில்லால் இயங்கும் கடைசல் உலகெங்கும் மிகப் பழையது. மணிக்கூட்டுக்காரரின் சிறு வடிவம், 1751 முதல் 1772 வரை பிரான்சில் வெளிவந்த, டிடரோவும் தலாம்பேரும் தொடங்கிய கலைக்களஞ்சியத்தின் மணிக்கூட்டியல் படத்தகடுகளிலேயே காணப்படுகிறது. இங்கிலாந்தில் இலங்காசயர் பகுதியின் பிரெஸ்கொட் நகரமும் அதன் சுற்றுப்புறமும் மணிக்கூட்டுக் கருவிகளுக்குப் பேர்போனவை. அயலிலுள்ள வொரிங்டனின் பீற்றர் ஸ்டப்ஸ் நிறுவனத்து அரங்கள் உலகெங்கும் போயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் வெப்ஸ்டர்–விற்கொம் வகை லேத்துகளும், ஜேர்மனியில் லோர்ச், போலி (Boley) ஆகிய நிறுவனங்களின் சிறு லேத்துகளும் வந்தபின் வில் கருவி மெல்லப் பின்தள்ளப்பட்டது. ஆனாலும் ஆங்கிலேயக் கலைஞர்களில் பலர் 20ஆம் நூற்றாண்டிலும் அதை விடவில்லை. பழமையில் பிடிவாதம் என்று சிலர் சொல்வதுண்டு, மேலே சொன்ன மையக்கோட்டுக் காரணத்தை நினைத்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் கருவியில் முத்திரை எதுவும் இல்லை என்பதை வைத்து அது போலி என்று எண்ண வேண்டாம். இத்தகைய கருவிகளைத் தொழில் பழகுபவர்கள் தாமே அராவிச் செய்துகொள்வதும் வழக்கம்; அராவிய கோடுகள் தலைகளின் உட்பக்கத்தில் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் இப்படியொரு கருவி கிடைப்பது வியப்புக்குரியதுமல்ல. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள் ஒரு தலைமுறை முழுவதும் இருந்தார்கள். நேரத்துக்கு வேலை செய்து பழகிய அந்தப் பென்சனியர்மாரின் சட்டைப்பையில் சங்கிலி போட்ட மணிக்கூடு இருந்தது என்பது ஊர்க்கதைகளில் இன்றும் வரும். அந்த மணிக்கூடுகளைத் திருத்த இங்கேயே ஆட்களும் இருக்கத்தானே வேண்டும்? பின்னர் 1969இல் சீக்கோ (Seiko) நிறுவனத்தின் முதல் குவார்ட்ஸ் கைமணிக்கூடு வந்து, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உலகெங்கும் பழைய தொழிலை மெலியச் செய்தபோது, இந்தக் கருவிகள் லாச்சிக்குள் ஒதுங்கின. யாழ்ப்பாணத்தில் அந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. 1990களின் முதற்பாதியில் போர் காரணமாக மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. பற்றறி இல்லாத குவார்ட்ஸ் மணிக்கூடு நின்றுவிடும், சாவி கொடுக்கும் மணிக்கூடு ஓடும். மின்சாரம் வேண்டாத கருவி ஒன்றுக்கு அப்போது இங்கே இருந்த பெறுமதி, அதே காலத்தில் கொழும்பில் இருந்திராது.

இனி நீங்கள் தேட வேண்டியவை. முதலாவது முனைக்கம்பிகள். உங்களிடம் உள்ள ஒன்றைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். அதே தடிப்பில், ஒன்றரை அல்லது இரண்டு அங்குல நீளத்தில், பித்தளை அல்லது உருக்குக் கம்பித் துண்டுகள் கிடந்தால் அவற்றின் அந்தங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிலவற்றில் கூர்முனை இருக்கும். சிலவற்றில் ஊசியால் குத்தியது போன்ற நுண்குழி இருக்கும். சிலவற்றில் அந்தக் குழி நடுவிலன்றி ஓரத்தில் இருக்கும். ஓரத்தில் இருப்பதைப் பிழையாகச் செய்தது என்று ஒதுக்கிவிட வேண்டாம். அச்சின் அந்தத்துக்கு மிக அருகில் உளியைக் கொண்டுபோக வேண்டியபோது கம்பியின் உடம்பு இடைஞ்சல் கொடுக்காதிருக்கவே குழியை ஓரத்தில் வைத்தார்கள். கிடைப்பவற்றுள் மிகப் பெறுமதியானது அதுதான். அடுத்தது கப்பிகள்: ஒரு சதத்துக் குற்றியைவிடச் சிறிய பித்தளை வட்டங்கள், விளிம்பைச் சுற்றிப் பள்ளம், நடுவில் துளை. பல கப்பிகள் விட்டத்தின் வழியே பிளந்திருக்கும். பிளவின் இருபுறமும் நுண்ணிய திருகாணி இருக்கும், அவற்றை இறுக்கினால் கப்பி அச்சைக் கவ்விக்கொள்ளும். மூன்றாவது வில். வளைந்த பிரம்போ திமிங்கிலத்தின் வாய்த்தகடோ மெல்லிய உருக்குப் பட்டையோ, இரு அந்தங்களிலும் நாண் கட்டும் துளையோடு கிடந்தால் எடுத்துவிடுங்கள். துளைகள் வரிசையாக இட்ட சிறு மரக்கட்டை ஒன்று அங்கே இருந்தால் அதையும் விடாதீர்கள். கம்பிகள் நிற்கும் இருக்கை அதுவாயிருக்கக்கூடும், துளைகளின் அளவே எத்தனை வகைக் கம்பிகள் இருந்தன என்பதைச் சொல்லிவிடும்.

துப்புரவாக்குவதில் அவசரம் வேண்டாம். பித்தளையைக் கண்டவுடன் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு; குத்துவிளக்குக்கு அது சரி, இதற்கு ஆகாது. புளியின் அமிலம் பித்தளையும் உருக்கும் சேரும் இடுக்குகளில் தங்கி, ஓரிரு வாரத்துக்குள் புதிய கறளைக் கிளப்பும். கடற்காற்று உள்ள இடத்தில் அது இன்னும் விரைவாக நடக்கும். மினுக்கும் பசைகளில் நுண்மணல் போன்ற பொருள் கலந்திருப்பதால் அவை துளைகளையும் திருகாணிப் புரிகளையும் தேய்த்துவிடும். முழுக் கருவியையும் ஒரு போத்தலில் மண்ணெண்ணெய்க்குள் ஊறவைத்து, பழைய பிசின் இளகிய பிறகு, கூராக்கிய மூங்கிற் குச்சியால் இடுக்குகளைச் சுரண்டி, பருத்தித் துணியால் துடையுங்கள். கறள் பிடித்த சட்டத்தை மிக மெல்லிய உருக்குப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, நீளவாக்கில் மட்டும் உரசலாம். துளைகளுக்குள் அரமோ மண்தாளோ போகவே கூடாது. திருகாணிகளைக் கழற்றும்போது எது எந்தத் தலையினது என்று குறித்துக்கொள்ளுங்கள். இக்காலத்து அளவுகள் ஏற்படுவதற்கு முன் வெட்டப்பட்ட புரிகள் அவை; ஒன்றைத் தொலைத்துவிட்டுக் கடையில் வாங்கியதை வலிந்து ஏற்றினால் பித்தளைப் புரி கிழிந்துவிடும். திருப்புளியின் நுனியைத் திருகாணியின் வெட்டுக்குச் சரியாக இறங்கும்படி தீட்டிக்கொள்வது நல்லது. கடைசியாகத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம். சில மாதங்களில் அது தடித்துப் பிசினாகி நகரும் தலையைப் பூட்டிவிடும். பித்தளையின் பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். அதை மினுக்கினால் கருவி புதிதாகாது, வயது தெரியாத பொருளாகிவிடும்.

கருவி நல்ல நிலையில் உள்ளதா என்று பார்க்க, இரண்டு முனைக்கம்பிகளையும் நெருக்கி முனையோடு முனை சேரவைத்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள் என்று பலரும் சொல்வார்கள். பாருங்கள், ஆனால் சற்று விலகியிருந்தால் மனம் உடைய வேண்டாம். முனைகள் விலகியிருந்தால் அச்சு சட்டத்துக்குச் சிறிது சரிவாக நிற்கும், அவ்வளவுதான். அது தன் முனைகளில் சுழல்வதால் வட்டம் வட்டமாகவே வரும். உளி கையில் இருப்பதால் அந்தச் சரிவைக் கை சரிசெய்துவிடும். உண்மையில் கெடுதி செய்வது இரண்டு. திருகாணியை இறுக்கிய பிறகும் கம்பி துளைக்குள் ஆடுவது ஒன்று. முனையோ குழியோ மழுங்கிச் சொரசொரப்பாக இருப்பது மற்றது. இரண்டாவதைப் புதுக் கம்பி செய்து தீர்த்துக்கொள்ளலாம். முதலாவதுக்கும் பெரும்பாலும் அதே மருந்துதான், துளையின் அளவுக்குச் சரியாக ஒட்டி இறங்கும் கம்பி. இங்கே உங்கள் மாமா பெரிய உதவியாக இருப்பார். பித்தளைக் கம்பியைத் துளைக்கு ஒட்டும்படி கடைந்து, ஒரு அந்தத்தில் 60 பாகைக் கூம்பும் மறு அந்தத்தில் சென்றர் ட்ரில் நுனியால் சிறு குழியும் இட்டுத் தருவது அவருடைய லேத்துக்குச் சிறு வேலை. அதற்கு முன், உங்களிடம் எஞ்சியுள்ள கம்பியைக் கழற்றி அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான கம்பிகளில் ஒரு அந்தம் கூர், மற்றது குழி. வேலைக்கேற்பத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். ஓர் எச்சரிக்கை: வைஸின் தாடைகளுக்கிடையில் செம்புத் தகடோ அலுமினியத் தகடோ மடித்து வைக்காமல் சட்டத்தை இறுக்க வேண்டாம்.

பழைய வில் கிடைக்காவிட்டால் நீங்களே கட்டிக்கொள்ளலாம். ஒரு அடிக்குச் சற்றுக் கூடிய நீளத்தில் பிளந்து சீவிய பிரம்பு போதும். நாணுக்குக் குதிரைவால் மயிர் சிறந்தது. வயலின் வாசிப்பவர்கள் வில்லின் மயிரை மாற்றும்போது கழிப்பவற்றைக் கேட்டு வாங்கலாம். அதுவும் இல்லையெனில் கடற்றொழிலாளர் பாவிக்கும் மெல்லிய தங்கூசி போதுமானது, சற்று வழுக்கும் என்பதே அதன் குறை. நாணில் சிறிது குங்கிலியம் தடவினால் பிடிக்கும். வேலை மெலிய மெலிய நாணும் மெலிய வேண்டும், வில்லும் தளர வேண்டும். முளை கடையும் இறுதிக் கட்டத்தில் ஒற்றை மயிர் நாணை வைத்தே கடைவார்கள். நாண் மயிர் தாங்காத இழுப்பை 0.1 மில்லிமீற்றர் முளையும் தாங்காது, முளைக்கு முன் மயிர் அறுந்தால் அது இலாபம். கப்பி இல்லாவிட்டால், சிறு பித்தளை வளையம் ஒன்றின் விளிம்பில் முக்கோண அரத்தால் பள்ளம் இட்டு, அதை அச்சில் அரக்கால் ஒட்டலாம். கன்னாதிட்டியிலோ கஸ்தூரியார் வீதியிலோ தெரிந்த தட்டார் எவரிடமும் அரக்கு இருக்கும். சூடு காட்டினால் கழன்றுவிடும், அச்சுக்குச் சேதமில்லை. மணிக்கூட்டுக்காரர்களும் அரக்கால் ஒட்டும் முறையைக் கையாண்டவர்கள்தான்.

முதல் வேலைக்குப் பித்தளைக் கம்பி எடுங்கள். அதன்பின் சைக்கிள் சில்லின் கம்பி. அது ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்புடையது, மலிவு, கெட்டால் கவலையில்லை. ஒரு அங்குலத் துண்டு வெட்டி இரு அந்தங்களையும் அரத்தால் கூம்பாக்கி, கம்பிகளின் குழிப்பக்கங்களுக்கிடையில் நிறுத்துங்கள். முனைகளில் ஒரு துளி எண்ணெய் விட்டு, நகரும் தலையை நெருக்கும்போது, துண்டு நீளவாக்கில் ஆடாமலும் அதேவேளை ஊதினால் சுழலும் அளவு இலகுவாகவும் இருக்கும்படி இறுக்க வேண்டும். கப்பி இடப்பக்கம் இருக்கட்டும். நாண் கப்பியின் முன்பக்கமாக, அதாவது உங்களை நோக்கிய பக்கமாக இறங்க வேண்டும். பின்பக்கமாகச் சுற்றினால் வில் ஏறும்போது வெட்டு விழும், கை பழகாது. தாங்கியைத் துண்டுக்கு மிக அண்மையில் கொண்டுவந்து, உளியின் வெட்டுமுனை துண்டின் மையத்துக்கு நேராகவோ நூலளவு மேலாகவோ நிற்கும்படி உயர்த்துங்கள். உளி சதுர உருக்குக் கோலைச் சாய்வாகத் தீட்டியது. அந்தச் சாய்முகம் கண்ணாடி போல இருக்க வேண்டும். மழுங்கிய உளி வெட்டாது, தேய்க்கும். தேய்த்த இடம் பளபளத்துக் கடினமாகி, அதன்பின் நல்ல உளியும் அதில் ஏறாது. வெட்டு சரியாக விழுந்தால் மெல்லிய சுருள் எழும், உளியில் சத்தம் இராது. கிறீச்சென்று சத்தம் வந்தால் தாங்கியின் உயரத்தையோ உளியின் கூரையோ பாருங்கள். வில்லை வேகமாக இழுத்துப் பயனில்லை.

மணிக்கூட்டு அச்சுக்குரிய உருக்கு இதைவிடக் கடினமானது. கடினமாக்கிய உருக்கைப் பித்தளைத் தூள் பரப்பிய தட்டில் வைத்து மெதுவாகச் சூடாக்கினால், வெளிர் மஞ்சள், கபிலம், ஊதா என்று நிறம் மாறி, 300 பாகை செல்சியஸை அண்மிக்கும்போது நீலமாகும். அந்த நீல நிலையில் நிறுத்திய உருக்கைத்தான் கடைவார்கள். தையல் ஊசியைக் கொண்டு இதைச் செய்துபார்க்கலாம். ஊசி நீலமாகும்வரை பொறுக்காமல் மஞ்சளிலேயே இறக்கிவிட்டால் உளியின் முனை உதிரும். நீலம் கடந்து சாம்பலானால் அச்சு வளையும்.

விற்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். முத்திரை இல்லாத, பாகங்கள் குறைந்த கருவிக்குச் சேகரிப்பாளர்கள் பெரிய விலை தருவதில்லை. பெட்டியோடும் கம்பிகளோடும் கப்பிகளோடும் முழுமையாக இருப்பவற்றுக்கே மதிப்பு. ஆகவே விற்பதாயினும் வைத்திருப்பதாயினும் முதல் வேலை அந்த வியாபாரியிடம் மறுபடி போவதுதான். பயன்பாட்டின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். கைமணிக்கூடு, சட்டைப்பை மணிக்கூடு, சிறு மேசை மணிக்கூடு ஆகியவற்றின் அச்சுகளுக்கே இது. வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கை வந்ததன் நினைவாகத் தொடங்கி 1882இல் கட்டி முடித்த நம் மணிக்கூட்டுக் கோபுரத்தின் பெரிய அச்சுகளை இதில் ஏற்ற முடியாது. அதற்கு உங்கள் மாமாவின் லேத்தே பொருத்தம். அச்சின் அந்தத்தில் துளையிடுவதும் சாதாரண முனைக்கம்பிகளை மட்டும் கொண்டு ஆகாது, ஏனெனில் அந்தங்கள் இரண்டும் முனைகளால் மறைந்திருக்கின்றன. வீட்டில் அப்பப்பாவின் மணிக்கூடு ஒன்று அச்சு முறிந்து கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சைக்கிள் கம்பியை முறியாமல் அரை மில்லிமீற்றர்வரை கடைந்து இறக்கவும், பிறகு நீல ஊசியில் அதே வேலையைச் செய்யவும் கை பழகும்வரை அந்த மணிக்கூட்டின் பின்மூடியைத் திறக்க வேண்டாம். பழகிய பின், முறிந்த அச்சின் ஒவ்வொரு படியையும் மைக்ரோமீற்றரால் அளந்து, பெரிதாக ஒரு படம் வரைந்து, அளவுகளை அதில் எழுதிக்கொண்டு எழுதுங்கள். எந்தப் படியை முதலில் கடைவது என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.